அத்தான் விற்ற வண்டிகள்

என் கல்யாணத்தன்று அத்தான் வடசேரியிலிருந்து மண்டபம்வரை வெயிலில் நடந்தே வந்தார். மாப்பிள்ளை வீட்டார் அவரை அழைத்துவர ஒரு கார் அனுப்பியிருந்தார்கள். புத்தம்புதிய வண்டி, முன்னால் முல்லைச் சரமெல்லாம் கட்டியிருந்தது. அத்தான் அதை ஒரு முறை சுற்றி வந்தார். பின்பக்கம் குனிந்து கம்பெனிப் பெயரைப் படித்தார். டிரைவரிடம் "நீங்க போங்க, நான் பின்னால வாறேன்" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். மண்டபத்து வாசலை மிதித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "நாலு பேரு சிரிக்க வச்சிட்டிய" என்றாள். அவர் அவளுக்குப் பதில் சொல்லாமல் மணவறையில் இருந்த என்னைப் பார்த்துச் சொன்னார்: "அடுத்த கம்பெனி வண்டியில வந்து எறங்கினேன்னா நாளைக்கு எம் மூஞ்சியில எவன் முழிப்பான் மக்களே?"

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். என்னைச் செல்லமாக 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார். நாகர்கோவிலில் ஒரு கார் ஷோரூமில் இருபது வருஷத்துக்கும் மேலாக விற்பனையாளராக இருந்தவர். நம் நாட்டுக் கம்பெனி ஒன்றின் வண்டிகளை விற்கும் இடம் அது. அந்தக் கம்பெனியை அவர் ஒரு நாளும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. 'நம்ம கம்பெனி', 'நம்ம வண்டி' என்பார். கம்பெனியின் முதலாளி யார், தொழிற்சாலை எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குச் செய்தித்தாளில் படித்துத் தெரிந்ததுதான். ஆனால் பேச்சைக் கேட்பவர்களுக்கு அவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் வண்டி தயாராவது போல இருக்கும். புது மாடல் வந்தால் முதலில் தான் எடுத்துக்கொண்டு போய் பேச்சிப்பாறை மேட்டிலும் கடற்கரை மணலிலும் ஓட்டிப் பார்ப்பார். பிடித்தால்தான் விற்பார். வாங்க வருகிறவரிடம் விலையையோ வசதியையோ அதிகம் பேசமாட்டார். எத்தனை பேர் ஏறுவீர்கள், வீட்டில் முழங்கால் வலிக்காரர் உண்டா, தெரு எவ்வளவு அகலம் என்று கேட்பார். கேட்டுவிட்டு ஒரு வண்டியைக் காட்டி, "இத எடுங்க. நான் சொல்லுதேன்" என்பார். அந்த 'நான் சொல்லுதேன்' போதும். சுசீந்திரம், தோவாளை, குளச்சல், முட்டம் என்று ஜில்லா முழுக்க ஆட்கள் அவருடைய வாயை நம்பித்தான் வண்டி எடுத்தார்கள்.

நானும் அப்படித்தான் எடுத்தேன். கல்யாணமாகிச் சில வருஷங்களில் என் கணவர் கத்தாருக்குப் போனார். பார்வதிபுரத்தில் வீடு, ராஜாக்கமங்கலம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை வேலை. பஸ்ஸில் தினமும் நசுங்கிக்கொண்டு போவதைப் பார்த்து அத்தானே ஒரு நாள் வந்து, "சின்ன வண்டி ஒண்ணு புதுசா வந்திருக்கு. ஒனக்குன்னே செஞ்சது மாதிரி" என்றார். வெள்ளி நிறத்தில் எனக்கு எடுத்துத் தந்தார். அந்த மாடல் இங்கே மழைக்காலக் காளான் மாதிரி முளைத்தது. திரும்பிய தெருவெல்லாம் அத்தான் விற்ற வண்டிதான் நின்றது.

அப்படி வாங்கியவர்களில் முட்டத்து மீன் வியாபாரி ஒருவர். நாற்பது வயது இருக்கும். காலையில் கரையில் மீன் எடுத்து நாகர்கோவில் சந்தைக்கு அனுப்புகிற தொழில். மனைவி நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்ததால் வாங்கினார். வண்டி எடுத்த அன்று அந்த அம்மா ஷோரூமிலேயே எல்லாருக்கும் வீட்டில் செய்த முந்திரிக்கொத்துப் பலகாரம் கொடுத்ததாக அத்தான் வந்து சொன்னார். எனக்கும் இரண்டு கொண்டுவந்தார்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவில் பூசை முடிந்து கணவனும் மனைவியும் நாகர்கோவிலுக்கு வந்துகொண்டிருந்தார்கள். பட்டப்பகல். வழியில் சாலையை ஒட்டி ஒரு குளம். சாலை அங்கே இடதுபக்கம் வளையும். வண்டி வளையவில்லை. நேரே குளத்துக்குள் போய்விட்டது. வயலில் நின்றவர்கள் குதித்து அவரைத் தூக்கிவிட்டார்கள். அந்த அம்மாவைத் தூக்கக் கூடுதல் நேரமாகிவிட்டது.

ஷோரூம் சார்பில் ஆஸ்பத்திரிக்குப் போனது அத்தான்தான். அந்த மனிதர் கட்டிலில் கிடந்துகொண்டு ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தாராம்: "வண்டி அணைஞ்சு போச்சு. ஸ்டீயரிங் திரும்பல." போலீஸ்காரர் அத்தானிடம் திரும்பி, "அப்படி ஆகுமாய்யா?" என்று கேட்டார். அத்தான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "நம்ம வண்டியில அப்படியெல்லாம் வராது சார். விடியக்காலம் மூணு மணிக்கு எழும்புத தொழில். பாவம், கண்ணு அசந்திருக்கும்" என்றார். கட்டிலில் கிடந்தவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஷோரூம் தாளில் வண்டியில் குறை எதுவும் இல்லை என்று எழுதி, விற்பனை செய்தவர் என்ற முறையில் அத்தான் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். கவனக்குறைவாக ஓட்டி மரணம் விளைவித்ததாக அந்த மனிதர்மேல் வழக்குப் பதிவானது.

இதை எங்கள் வீட்டில் யாரும் தப்பாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. தினமும் அதே வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவள் நான். மனைவியைப் பறிகொடுத்தவன் எதையாவது குற்றம் சொல்லத்தான் செய்வான் என்று பள்ளியில் பேசிக்கொண்டோம். அந்தப் பேச்சில் நானும் இருந்தேன் என்பதை எழுதாமல் விட முடியாது.

ஏழு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்கு அத்தான் பஸ்ஸில் வந்து இறங்கினார். முகத்தில் இரண்டு நாள் முள். காபி கொடுத்தேன், தொடவில்லை. "வண்டிச் சாவிய எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இனி நான் சொல்லாம இத ஓட்டாத."

"என்ன அத்தான் ஆச்சு?"

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முந்தின நாள் மத்தியானம் ஏதோ ஒரு பழைய காகிதத்தைத் தேடி சர்வீஸ் பிரிவு அலமாரியைத் திறந்திருக்கிறார். அதில் கம்பெனியிலிருந்து வந்த ஒரு சுற்றறிக்கை இருந்தது. அந்த மாடலில் என்ஜினுக்குக் கரண்ட் போகிற ஓர் இணைப்பு சூட்டில் உருகலாம், உருகினால் ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் அணைந்து ஸ்டீயரிங் இறுகிவிடலாம், சர்வீஸுக்கு வரும் வண்டிகளில் அதை மாற்றிவிடவும், வாடிக்கையாளரிடம் விளக்க வேண்டியதில்லை என்று எழுதியிருந்தது. மாற்றுப் பாகம் பிறகு அனுப்பப்படும் என்று அடியில் போட்டிருந்தது. பாகம் வரவே இல்லை. ஒரு வண்டியிலும் மாற்றவில்லை. அத்தான் தேதியைப் பார்த்தார். முட்டத்துக்காரர் வண்டி குளத்தில் விழுந்ததற்குப் பத்து நாள் முந்தைய தேதி.

தாளை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் ஓடியிருக்கிறார். மேனேஜர் அதை வாங்கி மேசைக்குள் வைத்துக்கொண்டு, "நீரு விக்கத மட்டும் பாரும் வேய்" என்று சொன்னாராம். நல்லவேளை, அதற்கு முன்பே அத்தான் அதைத் தன் செல்போனில் படம் எடுத்திருந்தார்.

"நான் சொன்னேன் மக்களே. வராதுன்னு எவங்கிட்டயும் கேக்காம நானே சொன்னேன்" என்றார். அதையே மூன்று நான்கு தடவை சொன்னார். பிறகு ஒரு பழைய டைரியை விரித்தார். அந்த மாடலை அவரிடம் வாங்கியவர்கள் எல்லாருடைய பெயரும் போன் நம்பரும் அவர் கைப்பட எழுதி இருந்தது. ஒவ்வொன்றாக அழைக்கத் தொடங்கினார். சிலர் எடுத்தார்கள். சிலர் சிரித்தார்கள். ஒருவர், "என்ன அண்ணாச்சி, கம்பெனி மாறப்போறியளா?" என்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

சுசீந்திரத்தில் வயலும் தோப்புமாக வசதியான ஒரு பெரியவர் இருந்தார். மகன்களுக்கு, மருமகனுக்கு என்று அத்தானிடம் ஐந்து வண்டி எடுத்தவர். அவர் போனை எடுக்கவில்லை. வீட்டு நம்பரில் வேலைக்காரம்மா எடுத்து, எல்லாரும் மதுரைக்குக் கல்யாணத்துக்குக் கிளம்பிப் போய் அரைமணி நேரம் ஆகிறது என்றாள். எந்த வண்டியில் என்று அத்தான் கேட்டார். அத்தான் எடுத்துக் கொடுத்த வெள்ளை வண்டி, அதே மாடல்.

"கைப்பிள்ளையெல்லாம் இருக்கும் அதுல. நாலுவழிச்சாலையில ஏறிட்டா நூறுல போவான் அவரு எளைய மகன்."

என் வண்டியில் போக முடியாது. அதுவும் அதே வண்டிதானே. அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் இருந்தார். அவரிடம் ஓடிப்போய்ச் சாவி வாங்கி வந்தேன். அவருடையது அத்தான் ஆயுள் முழுக்கப் பகையாக நினைத்த கம்பெனியின் கார். நான் ஏறி என்ஜினை முடுக்கிவிட்டேன். அத்தான் கதவுப் பக்கம் வந்து நின்றார். கைப்பிடியில் கை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். "ஏறுங்க அத்தான்" என்று கத்தினேன். ஏறினார். தோவாளைவரை முன்னால் தெரியும் ஒவ்வொரு வெள்ளை வண்டியையும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

தோவாளைப் பூச்சந்தையில் பிடித்துவிட்டோம். கல்யாணத்துக்குப் பூ வாங்க நிறுத்தியிருந்தார்கள். வண்டிக்குள் பெரியவரின் மனைவி, மருமகள், அவள் மடியில் குழந்தை, இன்னும் இரண்டு பிள்ளைகள். டிரைவர் சீட்டில் இளைய மகன். பெரியவர் மாலைக் கூடையை டிக்கியில் வைத்துக்கொண்டிருந்தார். அத்தான் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னார். மூச்சிரைப்பில் பாதி புரியவில்லை. பெரியவர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, நாங்கள் வந்து இறங்கிய காரைப் பார்த்தார்.

"ஓ, இதுல வாறீரோ இப்ப? எத்தன நாளா?"

"அய்யா, அது இல்ல. தாளு இருக்கு, பாருங்க" என்று அத்தான் செல்போனை நீட்டினார்.

"எனக்கு இங்கிலீசு தெரியாது வேய். ஒம்ம வாயிதான் தெரியும். அந்த வாயிதான இது தங்கம்னு சொல்லிச்சு? அஞ்சு வண்டி எடுத்தேனே! முகூர்த்தத்துக்குப் போகணும், வழிய விடும்."

பெரியவர் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். அத்தான் மறுபக்கம் போனார். ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியை உருவிக்கொண்டு பின்வாங்கினார். சாவி இருந்த கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பூக்காரர்கள் நடுவில் நின்றார். பெரியவர் இறங்கி வந்து அத்தானின் கன்னத்தில் அறைந்தார். சந்தை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அத்தானின் கண்ணாடி கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கக் குனியவில்லை. குனிந்தால் சாவியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயம். "இன்னும் அடிங்கய்யா. சாவி மட்டும் தர மாட்டேன்" என்றார். அந்த மனிதர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

வண்டிக்குள்ளிருந்து அந்த மருமகள் இறங்கினாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மற்ற இரண்டையும் கையைப் பிடித்து இறக்கினாள். "மாமா, விளையாட்டுக்கு ஒருத்தரு நடுச்சந்தையில அடி வாங்க மாட்டாரு. நான் பஸ்ஸுல வாறேன்" என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிட்டாள். மாமியார் பின்னாலேயே போனார். பெரியவர் காறித் துப்பிவிட்டு, இளைய மகனையும் கூட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் போனார். கண்ணாடியை நான்தான் எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன்.

அடுத்த நான்கு நாளும் அத்தான் விடுப்பு போட்டுவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். மழை வேறு. பஸ்ஸிலும் நடந்தும் போனார். கேட்டுக்கொண்டவர்கள் கொஞ்சம், நாயை அவிழ்த்துவிட்டவர்களும் உண்டு. டைரியில் ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தார். ஒரு பெயர் மட்டும் அப்படியே இருந்தது. "முட்டத்துக்கு எப்பம் போறிய?" என்று நான் கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார். ஐந்தாம் நாள் காலையில், "நீயும் கூட வாறியா?" என்று கேட்டார். அக்காவை அழைத்துப் போக அவருக்குத் துணிவில்லை என்று நினைக்கிறேன்.

கலங்கரை விளக்கத்துக்குக் கீழே இறங்கும் தெருவில் அந்த வீடு. வாசலில் ஒரு மீன்பெட்டி கவிழ்ந்து கிடந்தது. அந்த மனிதர் தொழிலை விட்டுவிட்டார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, பிளாஸ்டிக் நாற்காலி இரண்டைத் துடைத்துப் போட்டார். அத்தான்மேல் அவருக்குக் கோபம் இருப்பதாகவே தெரியவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அத்தான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். இணைப்பு, சூடு, சுற்றறிக்கை, தேதி. ஆஸ்பத்திரியில் தான் சொன்னது தப்பு என்றார். கையெழுத்துப் போட்டதும் தப்பு என்றார். சொல்லி முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அறை விழும் என்று எதிர்பார்த்து நிற்பது போல எனக்குத் தோன்றியது.

அந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்தார். கடல் இரைச்சல் மட்டும் உள்ளே வந்துகொண்டிருந்தது. பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டார்:

"அப்போ நான் தூங்கலியா அண்ணாச்சி?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான்தான், "இல்ல, நீங்க தூங்கல" என்றேன்.

"எல்லாரும் தூங்கிட்டேன்னு சொன்னாவ. நீங்களும் சொன்னிய. கேட்டுக் கேட்டு எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. வாராவாரம் சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லுதேன், நான் தூங்கி அவளக் கொன்னுட்டேன்னு." சுவரில் மாலையிட்டிருந்த படத்தைப் பார்த்தார். "அவ பக்கத்துல இருந்து பேசிக்கிட்டேதான் வந்தா. எனக்கு அது நல்லா ஞாபகம் இருக்கு. அப்பறம் எப்படித் தூங்கினேன்னு யோசிச்சு யோசிச்சுப் பைத்தியமே பிடிச்சிட்டு."

அத்தான் அந்த வீட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நடந்ததை எல்லாம் அத்தான் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தார். முட்டத்துக்காரர்மேல் இருந்த வழக்கு நின்றது. சுசீந்திரத்துப் பெரியவர் ஷோரூமுக்குப் போய்க் கொடுத்த புகாரைக் காரணம் காட்டி அத்தானை வேலையிலிருந்து எடுத்தார்கள். சில மாதங்கள் கழித்துக் கம்பெனி எல்லா வண்டிகளையும் வரவழைத்து, 'தர மேம்பாடு' என்று பெயர் சொல்லி அந்த இணைப்பை மாற்றிக் கொடுத்தது. சர்வீஸ் மெக்கானிக் ஒருவர் அத்தானை ரகசியமாக வந்து பார்த்தார். சுசீந்திரத்து வண்டியில் கழற்றிய இணைப்பு பாதி உருகிக் கருகியிருந்ததாம். "ஒரு நெடுந்தூர ஓட்டம் தாங்கியிருக்காது அண்ணாச்சி" என்றாராம். அத்தான் அதைப் பெரியவரிடம் போய்ச் சொல்லவில்லை. எங்களிடம்கூட வெகுநாள் கழித்துத்தான் சொன்னார்.

இதை வைத்து அவர் நிம்மதி அடைந்தார் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. போட்டிக் கம்பெனி ஷோரூமில் அவரைக் கூப்பிட்டார்கள். அவர்களுடைய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் போனார். முதலில் வந்த குடும்பம், "இது நல்ல வண்டியா அண்ணாச்சி?" என்று கேட்டிருக்கிறது. அவருக்கு வாய் திறக்கவில்லை. அந்தச் சட்டையோடே மத்தியானத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட்டார். பிறகு எங்கும் போகவில்லை. பழைய பழக்கத்தில் ஆட்கள் போன் செய்து எந்த வண்டி எடுக்கலாம் என்று கேட்பார்கள். "எனக்குத் தெரியாதுப்பா" என்பார். ஜில்லாவுக்கே வண்டி சொன்ன மனிதர் தெரியாது, தெரியாது என்று சொல்லிக்கொண்டிருப்பதை உள்ளேயிருந்து கேட்கும்போதெல்லாம் அக்கா பாத்திரத்தை ஓங்கி வைப்பாள். "நான் இவருக்கு வாக்கப்பட்டேன். இவரு அந்தக் கம்பெனிக்கு வாக்கப்பட்டாரு. இப்பம் ரெண்டு பேருமே அறுத்துக்கிட்டு நிக்கோம்" என்று ஒரு முறை என்னிடம் சொன்னாள். முட்டத்துக்காரர் மட்டும் மாதம் ஒருமுறை பஸ்ஸில் வருவார். நல்ல மீன் கிடைத்தால் கொண்டுவருவார். இருவரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஒரு மணி நேரம் எதிரெதிராக உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். போன வருஷம் ஒரு பிற்பகலில் அத்தான் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. முட்டத்துக்காரர்தான் பாடையைத் தூக்கியவர்களில் முதல் ஆள்.

போன மாதம் நான் புது வண்டி எடுக்கப் புறப்பட்டேன். அந்த வெள்ளி நிறக் கார், இணைப்பு மாற்றிய பிறகு, ஒரு குறையும் சொல்லாமல் இத்தனை வருஷம் ஓடிவிட்டது. வயதாகிவிட்டது, அவ்வளவுதான். எனக்கு அந்தக் கம்பெனிமேல் வெறுப்பு இருந்திருக்க வேண்டும். விசித்திரமாக, என் கால் முதலில் போனது அங்கேதான். 'நம்ம வண்டி' என்று காதில் விழுந்து விழுந்து வளர்ந்த பழக்கம். ஷோரூமையே அடையாளம் தெரியாமல் மாற்றியிருந்தார்கள். புது மாடல் உண்மையிலேயே அழகாக இருந்தது. மனசு இளகியும் விட்டது. புது மேனேஜர் குளிர்பானம் கொடுத்து உபசரித்தார். அவரிடம், இந்த மாடலில் ஏதாவது பாகத்தை மாற்றச் சொல்லிக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "நம்ம வண்டியில அப்படியெல்லாம் வராது மேடம்" என்றார். சொல் மாறாமல் அதே வாக்கியம். கிளாஸை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அடுத்த ஷோரூமில் ஓர் இளம்பெண். அதே கேள்வியைக் கேட்டேன். அவள் முகம் சுருங்கியது. "இருக்கு மேடம். பின் சீட் பெல்ட்டுக்கு ஒண்ணு வந்திருக்கு" என்று சொல்லி, கம்ப்யூட்டரில் தேடி எடுத்துத் தானே படித்துக் காட்டினாள். படித்துவிட்டு, ஒரு விற்பனை போய்விட்டது என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். நான் அவளிடம்தான் வண்டி பதிவு செய்தேன். அதற்காக இந்தக் கம்பெனியை இனி 'நம்ம கம்பெனி' என்று சொல்லப் போவதில்லை. அடுத்த முறையும் இதே கேள்வியோடுதான் போவேன். அத்தான் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். தெரியாது என்றுதான் சொல்லியிருப்பார்.

பழைய காரைக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலையில் முட்டத்துக்காரர் வீட்டுக்கு வந்தார். அக்கா சொல்லித் தெரிந்திருக்கிறது. தலை முழுக்க நரைத்துவிட்டது. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், அத விக்கப் போறியளாமே. கொடுக்கதுக்கு முன்ன ஒருக்கா நான் அதுல இருந்து பாக்கட்டா?"

விபத்துக்குப் பிறகு அவர் எந்த வண்டியையும் ஓட்டியதில்லை. நான் தயங்கினேன். அவர் கையைப் பிசைந்தார். "தூங்கலைன்னு அண்ணாச்சி சொல்லிட்டாரு. அது போதும்னுதான் நெனச்சேன். ஆனா கெடக்கும்போதெல்லாம் இன்னொண்ணு வந்து நிக்கி. அணைஞ்ச பொறவு ஸ்டீயரிங்க நான் சரியா இழுத்தேனா? இன்னும் கொஞ்சம் பலமா இழுத்திருந்தா திரும்பியிருக்குமோ?"

புத்தேரிப் பக்கம் அறுவடை முடிந்த ஒரு வயல்வெளி இருக்கிறது. அங்கே போனோம். அவர் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கைக்குப் பழக்கம் திரும்பியது. வேகமெடுக்காமல் நேராக ஓட்டினார். "இப்பம் அணையுங்க டீச்சர்" என்றார். பக்கத்திலிருந்து நான் சாவியை ஒரு படி பின்னால் திருப்பினேன். என்ஜின் சத்தம் நின்றது. அவர் இடதுபக்கம் இழுத்தார். கழுத்து நரம்பு புடைக்க, உடம்பு முழுவதையும் அதன்மேல் சாய்த்து இழுத்தார். வண்டி கொஞ்சமாக முகம் திருப்பிவிட்டு, பெரும்பாலும் நேராகவே உருண்டுபோய் வரப்பில் முட்டி நின்றது.

"இன்னொரு தடவ."

செய்தோம். மறுபடியும் செய்தோம். மூன்றாவது முறை வண்டி நின்றபின் அவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு உள்ளங்கையும் சிவந்திருந்தன. வெளியே கொக்குகள் இறங்கி மேய்ந்துகொண்டிருந்தன. அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. ரொம்ப நேரம் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும் டீச்சர்" என்றார். "இனி யாருக்கு வேணும்னாலும் கொடுங்க."